சர்க்கரைக்கு என்று விற்கிற மரபு அரிசி: எதை வாங்கலாம், எதை வைத்துவிட்டு வரலாம்

திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி, நீடாமங்கலம், கும்பகோணம் என்று எந்த ஊர்க் கடைத்தெருவுக்குப் போனாலும் இன்று ஒரு மரபு அரிசிக் கடையாவது கண்ணில் படுகிறது. ஆதிரெங்கத்து நெல் திருவிழாவில் நெல் ஜெயராமன் ஆளுக்கு இரண்டு கிலோ விதைநெல் கொடுத்து, அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பி வாங்கிப் பரப்பிய ரகங்கள் இப்போது கிலோ பொட்டலமாக அலமாரியில் நிற்கின்றன. அழிந்துபோகும் என்று எல்லோரும் கைவிட்ட நெல் திரும்பி வந்திருக்கிறது. அதில் மறுபேச்சு இல்லை.

சிக்கல் பொட்டலத்தின் மேல் எழுதியிருப்பதில் இருக்கிறது. காட்டுயானம் என்றால் ‘சர்க்கரை நோயை விரட்டும்’, பூங்கார் என்றால் ‘சுகப்பிரசவம்’, கருப்புக் கவுனி என்றால் ‘புற்றுநோய் அண்டாது’. உணவுப் பொருளில் நோயைக் குணமாக்கும் என்று எழுதுவது உணவுப் பாதுகாப்பு விதிப்படி தவறு. சர்க்கரை நோய்க்குத் தீர்வு என்று விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954-ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் உண்டு. அரிசி நல்ல அரிசிதான். அந்த வாசகத்தை நம்பி மாத்திரையை நிறுத்துகிறவர்தான் பாதிக்கப்படுகிறார்.

இந்தக் கடைகளில் வழக்கமாகக் கிடைக்கிற ஆறு சரக்கை இங்கே எடுத்துக்கொள்வோம்: மாப்பிள்ளைச் சம்பா புழுங்கல், காட்டுயானம், கருப்புக் கவுனி, பூங்கார், தூயமல்லி, கவுனிக் கஞ்சி மாவு. ஒரே ரகம் கடைக்குக் கடை மட்டுமல்ல, ஒரே கடையில் அரவைக்கு அரவையும் மாறுகிறது. ஆகவே கடைப்பெயரைக் கேட்பதைவிட அரவையைப் பார்க்கப் பழகுவது மேல்.

அரவையைப் பார்ப்பது எளிது. ஒரு பிடி மாப்பிள்ளைச் சம்பாவை வெள்ளைத் தாளில் பரப்பி வெளிச்சத்தில் வையுங்கள். தவிடு போகாத அரிசி முழுக்க ஒரே செங்கல் நிறத்தில், கொஞ்சம் மங்கலாக, கையில் லேசான சொரசொரப்போடு இருக்கும். பாலிஷ் போட்ட அரிசியில் வயிற்றுப் பக்கம் வெளுத்து, நீளவாக்கில் பள்ளத்தில் மட்டும் சிவப்புக் கோடு நிற்கும். அடுத்து அரிசியின் நுனியைப் பாருங்கள். அங்கே மஞ்சளாக ஒரு பொட்டு இருந்தால் முளைக்கரு இருக்கிறது. பொட்டு இல்லாமல் சிறு குழி மட்டும் இருந்தால் மில்லில் போய்விட்டது. நூறு அரிசியை எண்ணி எடுத்து, எத்தனையில் பொட்டு இருக்கிறது என்று பார்த்தால் அந்த மில் எவ்வளவு தீட்டியிருக்கிறது என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். உமியை மட்டும் நீக்கிய அரிசியில் பெரும்பாலானவற்றில் பொட்டு இருக்க வேண்டும்.

இந்த ஒரு சோதனைக்கு இவ்வளவு இடம் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. மரபு அரிசியின் நன்மை என்று சொல்லப்படுகிற நார்ச்சத்து, பி வைட்டமின்கள், எண்ணெய்ச் சத்து, சிவப்பு கறுப்பு நிறமிகள் எல்லாமே தவிட்டிலும் முளைக்கருவிலும்தான் இருக்கின்றன. உள்ளே இருப்பது மாவுச்சத்து. மாப்பிள்ளைச் சம்பாவை இரண்டு தீட்டு தீட்டினால் பெயர் மட்டும் மிஞ்சும், சாப்பிடுவது வெள்ளை அரிசி. சமைக்க லேசாக இருக்கிறது, வாடிக்கையாளர் கேட்கிறார் என்று சில மில்களில் ஒரு தீட்டு போட்டுத்தான் தருகிறார்கள். வாங்கும்போதே ‘உமி மட்டும் நீக்கினதா, ஒரு பாலிஷ் போட்டதா’ என்று கேளுங்கள். கேட்டதும் பதில் சொல்லத் தெரிந்த கடை பாதி நம்பகமான கடை.

இனி சர்க்கரைக்கு வருவோம். தவிடு போகாத அரிசியானாலும் நூறு கிராமில் சுமார் 75 கிராம் மாவுச்சத்துதான். தீட்டிய அரிசியில் 78 கிராம். நார்ச்சத்து தீட்டிய அரிசியில் மூன்று கிராமுக்குச் சற்றுக் குறைவு, தவிட்டு அரிசியில் நாலரை கிராமுக்குப் பக்கம். வித்தியாசம் உண்டு, ஆனால் அது தட்டில் இரண்டு கரண்டி சோறு கூட வைத்தால் காணாமல் போகிற வித்தியாசம். இந்த அரிசியால் சர்க்கரை குறைந்தது என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. கடினமான அரிசி, மென்று தின்ன வேண்டியிருக்கிறது, கொஞ்சத்திலேயே வயிறு நிறைகிறது, அளவு தானாகக் குறைகிறது. பலனில் பெரும்பங்கு அந்தக் குறைவால் வருவது. ரகத்தின் பெயருக்கு அதில் சிறு பங்குதான்.

அதனால் அளவை எடை போட்டுத் தொடங்குங்கள். ஒரு வேளைக்கு ஓர் ஆளுக்கு 50 முதல் 60 கிராம் அரிசி. வெந்தால் அது 150 கிராம் அளவுச் சோறு. சமையலறைத் தராசு இல்லாவிட்டால் மளிகைக் கடையில் 60 கிராம் நிறுத்து வாங்கி, வீட்டு டம்ளரில் போட்டு ஒரு கோடு கிழித்துக்கொள்ளலாம். அதோடு அதே எடைக்குக் குறையாமல் காய், ஒரு கிண்ணம் பருப்போ சுண்டலோ. முதலில் காயும் பருப்பும், பிறகு சோறு என்ற வரிசையில் சாப்பிட்டால் ஏற்றம் மட்டுப்படும். சாப்பிட்டதும் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் இன்னும் மட்டுப்படும்.

எந்த அரிசி உங்கள் உடம்புக்கு ஒத்துவருகிறது என்பதைக் கடைக்காரரிடம் கேட்க வேண்டாம், குளுக்கோமீட்டரைக் கேளுங்கள். ஒரு நாள் வழக்கமான புழுங்கலரிசி 60 கிராம், இன்னொரு நாள் மாப்பிள்ளைச் சம்பா 60 கிராம். இரண்டு நாளும் அதே சாம்பார், அதே பொரியல், அதே நேரம். சாப்பிடும் முன் ஒரு தடவை, முதல் வாய் வைத்ததிலிருந்து சரியாக இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை குத்திப் பார்த்து எழுதுங்கள். ஒரே நாள் எண்ணை நம்பாமல் மூன்று மூன்று நாளாவது செய்தால் போக்கு தெரியும். சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 180-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது பொதுவான இலக்கு, உங்கள் மருத்துவர் வேறு சொல்லியிருந்தால் அதுவே கணக்கு. பலர் செய்கிற பிழை, வெள்ளை அரிசியில் சாதாரணமாகச் சாப்பிட்டுவிட்டு மரபு அரிசியில் பாதி சாப்பிட்டு இரண்டையும் ஒப்பிடுவது.

இன்சுலின் போடுகிறவர்களும் கிளிமிபிரைடு வகை மாத்திரை எடுக்கிறவர்களும் சோற்றைத் திடீரெனக் குறைத்தால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கக்கூடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, கால் மணி நேரத்தில் மறுபடி பார்க்க வேண்டும். நினைவு தப்பினவர் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அளவைக் குறைக்கும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லி மாத்திரையையும் சரிசெய்து கொள்வது நல்லது.

இந்தக் கணக்கில் தோற்கிற சரக்கு கவுனிக் கஞ்சி மாவு. அலமாரியில் கண்ணுக்கு நேரே வைப்பதும் அதைத்தான். அரிசியை மாவாக்கினால் செரிமானம் வேகமாகிறது. மாவைக் கஞ்சியாகக் காய்ச்சினால் இன்னும் வேகம். மெல்ல வேண்டிய பருக்கையைக் குடித்துவிடுகிறோம், தவிடு உள்ளே இருந்தும் தடுப்பு வேலை பாதியாகிறது. பல பொட்டலங்களில் பொட்டுக்கடலை, ஜவ்வரிசி, சிலவற்றில் நாட்டுச் சர்க்கரையும் கலந்திருக்கும். பின்பக்கச் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள்: முதலில் எழுதியிருப்பதுதான் அதிகம் சேர்த்தது. கவுனி மூன்றாவதாக இருந்தால் அது கவுனி மாவே அல்ல. நோயில் கிடந்து எழுந்தவர், பல் இல்லாத முதியவர், எடை ஏற வேண்டிய குழந்தை ஆகியோருக்கு அந்தக் கஞ்சி தாராளமாகக் கொடுக்கலாம். ‘சர்க்கரைக்கு’ என்று எழுதியிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். புட்டு மாவு, தோசை மாவு, சேமியா ஆகியவற்றுக்கும் இதே தீர்ப்புதான்.

கருப்புக் கவுனி அரிசியாக வாங்கினால் வேறு கதை. மாப்பிள்ளைச் சம்பாவைப் போல ஒன்றரை, இரண்டு மடங்கு விலை சொல்லுகிறார்கள். சாயம் ஏற்றியதோ என்ற பயமும் கூடவே வருகிறது. களையும் தண்ணீர் ஊதாவாக வந்தால் பதற வேண்டாம். அந்த நிறமி தண்ணீரில் கரைவது இயல்பு. நாவல்பழத்தில் இருக்கிற அதே குடும்பத்து நிறமி அது. சோதிக்க வேண்டுமானால் ஊறவைத்த தண்ணீரை இரண்டு கண்ணாடி டம்ளரில் எடுத்து, ஒன்றில் எலுமிச்சைச் சாறு பிழியுங்கள், இன்னொன்றில் ஒரு சிட்டிகை ஆப்பச் சோடா போடுங்கள். இயற்கை நிறமி புளிப்பில் சிவந்து இளஞ்சிவப்பாகும், சோடாவில் நீலம் அல்லது பச்சை பாயும். இரண்டிலும் நிறம் மாறாமல் நின்றால் சந்தேகப்படலாம். ஓர் அரிசியை நறுக்கிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாக இருக்க வேண்டும். நடுவரை நிறம் ஊறியிருந்தால் அதுவும் சந்தேகத்துக்குரியது. நிறம் தண்ணீரோடு போகிறது என்பதால் முதலில் ஒருமுறை விரைவாகக் களைந்துவிட்டு, ஊறவைக்கும் தண்ணீரிலேயே வேகவையுங்கள். செட்டிநாட்டுப் பந்தியில் தேங்காயும் சர்க்கரையும் சேர்ந்து வருகிற கவுனி அரிசி இனிப்பு அருமையான பண்டம். பண்டிகை நாளில் சாப்பிட வேண்டியது, சர்க்கரைக்காரரின் காலை உணவாக அல்ல.

சமைப்பதில்தான் பாதிப் பேர் தோற்று, பொட்டலத்தை அப்படியே பரணில் ஏற்றிவிடுகிறார்கள். தவிடு போகாத அரிசியில் தண்ணீர் உள்ளே நுழைய நேரம் வேண்டும். மாப்பிள்ளைச் சம்பா புழுங்கல் எட்டு மணி நேரம், அதாவது இரவு போட்டுக் காலையில் எடுப்பது. ஒரு பங்கு அரிசிக்கு மூன்றரை முதல் நான்கு பங்கு தண்ணீர். குக்கரில் முதல் விசில் வரும்வரை நல்ல தீ, பிறகு தீயைக் குறைத்து ஐந்தாறு விசில், இறக்கி ஆவி தானாக அடங்கும்வரை திறக்கக் கூடாது. கவுனிக்குப் பத்து மணி நேர ஊறலும் கூட இரண்டு விசிலும் வேண்டும். காட்டுயானம் இன்னும் முரடு. ஆறு மாதம் வயலில் நின்று ஆளுயரத்துக்கு மேல் வளர்கிற பயிர், அரிசியும் அப்படித்தான். அதை இரண்டாக மூன்றாக உடைத்த நொய்யாக வாங்கிப் பாசிப்பயறோடு சேர்த்துக் கெட்டியாகக் கிளறினால் வாய்க்கு வரும். மாவாக்காமல் நொய்யோடு நிறுத்துவது முக்கியம்.

வெந்தும் நடுவில் கடிபடுகிறது என்றால் ஊறல் போதவில்லை. வெளியே குழைந்து உள்ளே வேகவில்லை என்றால் தீ அதிகம். புளித்த வாடை வந்தால் சித்திரை, வைகாசி வெயிலில் பன்னிரண்டு மணி நேரம் ஊறவிட்டிருப்பீர்கள். கோடையில் ஆறு மணி நேரம் போதும், அல்லது பிரிட்ஜில் ஊறவையுங்கள். சாப்பிட்டால் வயிறு உப்புகிறது என்றால் ஒரே நாளில் முழுக்க மாறியிருக்கிறீர்கள். முதல் வாரம் நாலில் ஒரு பங்கு, இரண்டாம் வாரம் பாதி என்று வழக்கமான புழுங்கலோடு ஏற்றிக்கொண்டு போக வேண்டும். வேகும் நேரம் வேறு என்பதால் தனித்தனியாக வேகவைத்துக் கலக்குங்கள். இரவு எட்டு மணிக்கு மேல் இதைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் நெஞ்செரிச்சல்காரருக்குத் தொல்லை கூடும். மதிய அரிசி இது.

மலச்சிக்கலுக்கு இந்த அரிசி உதவும், ஆனால் தண்ணீர் கூடவே ஏற வேண்டும். நார் கூடித் தண்ணீர் கூடாவிட்டால் மலம் இன்னும் இறுகும். வாழைத்தண்டும் கீரையும் நார் தருபவை, முழுப் பயறு அரிசியைவிடப் பல மடங்கு நார் தருவது. டெல்டாவில் வாழைத்தண்டு கிடைக்காத தெரு ஏது? சிலர் அரிசிப் பொட்டலத்தோடு பக்கத்து அலமாரியிலிருந்து ‘மலச்சிக்கல் பொடி’யும் எடுத்து வருகிறார்கள். சேர்மானத்தில் நிலாவாரை என்று இருந்தால் அது குடலைத் தூண்டிவிடும் பேதி மருந்து. ஓரிரு நாளைக்குச் சரி, மாதக்கணக்கில் கூடாது. மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு இருந்தால் அரிசியும் பொடியும் பேச்சே வேண்டாம், பரிசோதனை வேண்டும்.

ரத்தசோகைக்குச் சிவப்பரிசி என்ற பேச்சு வருத்தம் தருவது. சிவப்பு நிறம் இரும்புச் சத்து அல்ல. அது தவிட்டில் இருக்கிற துவர்ப்பு வகை நிறமி, இரும்பு உடம்பில் சேர்வதை அது சற்றுத் தடுக்கவும் செய்யும். பூங்கார் ருசியான அரிசி, சீக்கிரம் விளைவது, இட்லிக்குக்கூடப் பொருந்தும். சோறாகத் தாராளமாகச் சாப்பிடட்டும். ஆனால் அதைச் சாப்பிடுகிறோம் என்று ஒரு கர்ப்பிணி ஆரம்ப சுகாதார நிலையத்தில் தருகிற இரும்பு மாத்திரையை விட்டுவிடக் கூடாது. அந்த மாத்திரையின் வேலையை எந்த அரிசியும் செய்யாது. இரும்புக்கு உணவில் வழி தேடினால் முருங்கைக்கீரை, சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்), எள் ஆகியவை. கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்து, சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ காபியைத் தள்ளி வைத்தால் சேர்வது கூடும்.

சிறுநீரகம் பழுதானவர்களுக்குத் தவிட்டு அரிசியைப் பரிந்துரைக்கிற கடைக்காரர்கள் உண்டு. அது தப்பு. தவிட்டில் பொட்டாசியமும் பாஸ்பரஸும் கூடுதல். சர்க்கரையால் சிறுநீரகம் கெட்டவர்கள் இந்த ஊர்களில் குறைவில்லை. அவர்களுக்கு மருத்துவர் வெள்ளை அரிசி என்று சொல்லியிருந்தால் வெள்ளை அரிசிதான் சரி.

தூயமல்லியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம்: வெள்ளை அரிசி, பொங்கலுக்கும் விருந்துக்கும் நல்ல பதம். மருந்துக் குணம் என்று கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை. வாங்கினால் புழுங்கலாக வாங்குங்கள். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டின் பி வைட்டமின்களில் ஒரு பங்கு அரிசிக்குள் இறங்குகிறது, மாவுச்சத்தும் இறுகுவதால் பச்சரிசியைவிடச் சர்க்கரை மெதுவாக ஏறும். இந்த நன்மை ரேஷன் புழுங்கலரிசிக்கும் உண்டு என்பதை யாரும் பொட்டலத்தில் எழுதுவதில்லை. கிலோ நூறு ரூபாய் கொடுக்க முடியாத வீட்டில் ரேஷன் புழுங்கலை அளவாக வடித்து, மிச்சக் காசில் பயறும் காயும் வாங்கினால் தட்டு இதைவிடச் சிறப்பாகவே இருக்கும்.

பழைய சோற்றுக்கு மாப்பிள்ளைச் சம்பாவை மிஞ்ச ஆள் இல்லை. வடித்து ஆறவைத்த சோற்றை மண்சட்டியில் போட்டு, பருக்கை முழுகி இரண்டு விரல் மேலே நிற்கும்படி தண்ணீர் ஊற்றி, எட்டு முதல் பத்து மணி நேரம். ஆறிய சோற்றில் செரிக்காத மாவுச்சத்து கொஞ்சம் கூடுகிறது, அது குடலுக்கு நார் போல. சூட்டோடு மூடி வைப்பதும், தண்ணீர் ஊற்றாமல் இரவு முழுக்க வெளியே விடுவதும் ஆபத்து. வாந்தி பேதி அங்கிருந்துதான் வருகிறது. நூலாக இழுத்தால், சட்டியில் வழவழப்பு தெரிந்தால் கொட்டிவிடுங்கள். தொட்டுக்கொள்ள சின்ன வெங்காயம் இருக்கட்டும். ரத்த அழுத்தக்காரர் மோர்மிளகாயையும் ஊறுகாயையும் எட்டி வைக்க வேண்டும், ஒரு மோர்மிளகாயில் இருக்கிற உப்பு கொஞ்சமல்ல.

வாங்கும் காலமும் முக்கியம். சம்பா தை, மாசியில் அறுவடை. அப்போது அரைத்துப் பொட்டலம் போட்டதை ஐப்பசியில் விற்றால் தவிட்டு எண்ணெய் காறியிருக்கும். பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்து பாருங்கள், பழைய கடலை எண்ணெய் வாடை வந்தால் திருப்பிக் கொடுங்கள். பச்சரிசியாக அரைத்த தவிட்டு அரிசி இன்னும் சீக்கிரம் காறும். சரக்கை நெல்லாகவே வைத்திருந்து மாதாமாதம் அரைத்துத் தருகிற கடைகள் சில உண்டு, அவர்களுக்குக் கிலோவுக்குப் பத்து ரூபாய் கூடக் கொடுப்பது நியாயம். பொட்டலத்தில் 14 இலக்க உரிம எண், பொட்டலம் போட்ட தேதி இருக்க வேண்டும். அரைத்த தேதியைச் சட்டம் கேட்கவில்லை, நாம்தான் கேட்க வேண்டும். அரைத்த பிறகு எந்தச் சிவப்பரிசியையும் மாப்பிள்ளைச் சம்பா என்று விற்க முடியும், கண்ணால் உறுதி சொல்வது கடினம். எந்த ஊர் வயல், எந்த மாத அறுப்பு, எந்த மில் என்று மூன்று கேள்விக்கும் பதில் வருகிறதா என்று பாருங்கள்.

மலிவு என்று இருபத்தைந்து கிலோ சிப்பம் எடுக்காதீர்கள். அளவாகச் சாப்பிடுகிற வீட்டில் அது எட்டு மாதம் கிடக்கும், அதற்குள் வண்டு அரிசியைப் பங்கு போட்டுவிடும். மாதத்துக்கு மூன்று கிலோ, காற்றுப் புகாத டப்பாவில், உள்ளே நிழலில் உலர்த்திய வேப்பிலை ஒரு பிடியும் ஒரு துண்டு வசம்பும் துணியில் முடிந்து போடுங்கள். வசம்பு அரிசியில் நேராகக் கலக்கக் கூடாது. வண்டு விழுந்துவிட்டால் உச்சி வெயிலில் காயப்போட வேண்டாம், அரிசி வெடித்து நொய்யாகும், எண்ணெயும் காறும். காலை வெயிலில் ஒரு மணி நேரம் பரப்பிப் புடைத்து எடுத்து, முதலில் அந்த அரிசியைச் செலவழித்துவிடுங்கள்.